நடுக்கம் வந்த பிறகு எந்த வழி? இம்யூனோகுளோபுலின் ஏற்றும் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

"அக்கா, போன முறை ஏற்றும்போது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கு எதிராக உடம்பில் அன்டிபொடி இருக்கலாம் என்கிறார்கள். மருந்தை மாற்றுவதா, தோலுக்குக் கீழே போடும் ஊசிக்குப் போவதா, இல்லை விட்டுவிடுவதா?"

கொழும்பில் பொரளைப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற தாய்மாரிடமிருந்து இந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டிருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு இரவெல்லாம் விழித்திருந்தவள்தான். என் மகனுக்குப் பதினொரு வயது. எக்ஸ் நிறமூர்த்தத்தோடு வரும் அகாமாகுளோபுலினீமியா. அவனுடைய உடம்பு கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளை, அதாவது அன்டிபொடிகளை, உண்டாக்காது. மூன்று வயதிலிருந்து பிறர் தந்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த பிறபொருளெதிரிகளில்தான் வாழ்கிறான். அந்த மருந்துதான் இம்யூனோகுளோபுலின்.

நான் டொக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே மருந்தை மாற்ற வேண்டாம். கிளினிக்கில் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்தால் பயம் பாதியாகும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

விட்டுவிடுவதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றிய ஐஜிஜி (இந்த மருந்தில் இருக்கும் முக்கிய வகைப் பிறபொருளெதிரி) உடம்பில் ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். இரண்டு தடவை தவறினாலே பிள்ளை கிட்டத்தட்ட வெறும் கையோடு நிற்கிறது. அப்புறம் வருவது நியுமோனியா. அது திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரலில் வருகிற பழுது பிறகு மாறாது. ஆகவே "விட்டுவிடலாம்" என்பதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

## ஒரே வார்ட்டில் இரண்டு பிள்ளைகள்

அது ஏப்ரல் மாதம். அன்று தாதி மிஸ் கொண்டுவந்த போத்தல்கள் வழமையை விடச் சிறியவை. எப்போதும் 100 மில்லிலீற்றர் போத்தல் மூன்று வரும், அன்று 50 மில்லிலீற்றர் போத்தல் மூன்று. லேபலின் நிறமும் வேறு. "மருந்து அதேதான் அம்மா, கம்பனி மட்டும் வேறு" என்றார். முதல் அரை மணி நேரம் மெதுவாக விட்டுவிட்டு, பிறகு எப்போதும் போல மணிக்கு 60 மில்லிலீற்றர் என்று பம்பில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மகன் என் துப்பட்டாவை இழுத்துக் கழுத்து வரை மூடிக்கொண்டான். "அம்மா, குளிருது." வெளியே கொழும்பின் சித்திரை வெயில். அவனுக்குப் பல்லோடு பல் அடித்தது, கட்டிலின் இரும்புச் சட்டமும் சேர்ந்து கிடுகிடுத்தது. உடனே நிறுத்தினார்கள். பனடோல் கொடுத்து, அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பாதி வேகத்தில் மறுபடி தொடங்கினார்கள். மாலைக்குள் முழுவதும் ஏறி முடிந்தது.

அதே வார்ட்டில் இன்னொரு நாள், பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று. அவளுக்குச் சிவிஐடி என்று சுருக்கமாகச் சொல்கிற நிர்ப்பீடனக் குறைபாடு. ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்காது. கழுத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சில் இழுப்பு. ஓடிவந்து தொடையில் அட்ரினலின் போட்டார்கள். அன்று அவளுக்கு மருந்து திரும்ப ஏற்றப்படவில்லை.

வீட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான்: "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை." ஆனால் இரண்டும் வேறு வேறு சங்கதி, எடுக்க வேண்டிய முடிவும் வேறு.

## முதலில் அளவுகோல்கள்

வந்தது எந்த வகை எதிர்வினை? எதிர்வினைகளில் மிகப் பெரும்பாலானவை நடுக்கம், காய்ச்சல், தலையிடி, முதுகுவலி, வாந்தி உணர்வு. இவை வேகத்தோடு சம்பந்தப்பட்டவை, குறைத்தால் அடங்கும். முதல் தடவை ஏற்றும்போதும், நீண்ட இடைவெளிக்குப் பிறகும், கம்பனி மாறும்போதும், உடம்பில் தொற்று இருக்கும்போதும் கூடுதலாக வரும். தொற்று இருந்தால், போகிற பிறபொருளெதிரிகள் அங்கே இருக்கும் கிருமியின் துணிக்கைகளைப் பிடித்துச் சேர்ந்துகொள்கின்றன, அதுவே நடுக்கத்தைக் கிளப்பும். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிழுப்பு, பிரஷர் விழுவது ஆகியவை மட்டும் தனி வகை. அது அனபிலாக்சிஸ். அபூர்வமானது, ஆனால் உயிரோடு விளையாடுவது.

மூன்றாவதாகத் தாமதமாக வருகிறவை உண்டு. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வரும் கடும் தலையிடி, கழுத்து விறைப்பு. கிருமியில்லாத மூளையுறை அழற்சி அப்படித்தான் தொடங்கும். அடுத்த பத்து நாட்களுக்குள் உடம்பு வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தால் செங்குழியம் உடைகிறது என்று அர்த்தம். மருந்தில் கலந்திருக்கும் ஏ, பி குருதி வகைகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் செய்கிற வேலை அது. ஓ வகைக்காரருக்கு அந்தப் பயம் இல்லை. இவையெல்லாம் கிலோவுக்கு 2 கிராம் வரை ஏற்றுகிற வேறு நோய்களில்தான் கூடுதல். நம் பிள்ளைகளுக்குப் போவது மாதம் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம்.

பிள்ளையின் ஐஜிஏ, அதாவது ஐஜிஜியைப் போன்ற இன்னொரு வகைப் பிறபொருளெதிரி, எவ்வளவு? "எதிரான அன்டிபொடி" என்று வார்ட்டில் பேசிக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். மருந்து முழுவதும் ஐஜிஜி என்றாலும், அதில் ஐஜிஏ சிறிதளவு கலந்திருக்கும். ஐஜிஏ துளியும் இல்லாத ஒருவரின் உடம்பு அதை அந்நியமாகப் பார்த்து எதிர்ப் பிறபொருளெதிரியை உண்டாக்கலாம். ஆனால் மூன்று விடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐஜிஏ கொஞ்சமாவது இருப்பவருக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. என் மகனைப் போல எந்தப் பிறபொருளெதிரியையுமே உண்டாக்க முடியாதவர்கள் இதையும் பெரும்பாலும் உண்டாக்க மாட்டார்கள். எதிர்ப் பிறபொருளெதிரி இருப்பது தெரிந்தவர்களிலும் பலர் எந்தக் கோளாறுமின்றி வருடக்கணக்கில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆகவே பரிசோதனையில் "உண்டு" என்று வந்ததை மட்டும் வைத்து மருந்தைப் பறிக்கக் கூடாது. எதிர்வினை எப்படி வந்தது என்பதோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

தொடர்ந்து கிடைக்குமா? கொழும்பில் இதுதான் என் கணக்கில் மிகப் பாரமான அளவுகோல். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு என்ன என்று நாம் எல்லோரும் பார்த்தோம். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரச ஆஸ்பத்திரிகளுக்கு வந்த விவகாரம் வெளியானது, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் அதில் கைதானார். அதற்குப் பிறகு, போத்தலின் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி மூன்றையும் போனில் படமெடுக்காமல் நான் ஏற்ற விடுவதில்லை. மிஸ்மார் கோபிக்க மாட்டார்கள், கேட்டுத்தான் பாருங்கள்.

வீட்டு நிலை. யார் ஊசி போடுவது, பிரிட்ஜ் எப்படி, பிள்ளையின் கையில் நரம்பு கிடைக்கிறதா, எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகிறது.

அடுத்த டோஸுக்கு முந்திய ஐஜிஜி அளவு. ஏற்றுவதற்குச் சற்று முன் இரத்தம் எடுத்துப் பார்ப்பது. லீற்றருக்கு 5 கிராமுக்குக் கீழே போகக் கூடாது. பல டொக்டர்மார் 7க்கு மேல் வைக்கப் பார்ப்பார்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் கடைசியில் கேட்க வேண்டியது இந்த இலக்கத்தைத்தான்.

## வழி 1: அதே மருந்து, மெதுவாக

நடுக்கம், தலையிடி வகைக்கு இதுதான் முதல் வழி. பெரும்பாலும் இதற்கு மேல் போக வேண்டியே வராது.

எங்கள் கதையில் நடந்ததைக் கணக்காகச் சொல்கிறேன். பழைய மருந்து 5 சதவீதம். மணிக்கு 60 மில்லிலீற்றர் என்றால் 3 கிராம். புதியது 10 சதவீதம். அதே 60 மில்லிலீற்றரில் 6 கிராம். பம்பில் இலக்கம் மாறவில்லை, பிள்ளையின் உடம்புக்குள் போன வேகம் இரட்டிப்பாகிவிட்டது. அதோடு இரண்டு நாளாக அவனுக்குச் சளி. சின்னச் சளிதானே என்று நான் சொல்லாமல் விட்டேன். புதுக் கம்பனி, கூடிய வேகம், தொற்று. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தன.

அடுத்த மாதம் அதே 10 சதவீத மருந்தையே ஏற்றினார்கள். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலீற்றர், அதாவது அவனுடைய 30 கிலோவுக்கு 15 மில்லிலீற்றர் என்று தொடங்கி, அரை மணிக்கு ஒரு தடவை படிப்படியாகக் கூட்டினார்கள். முந்திய இரவிலிருந்து நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன். போத்தலைப் பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஏற்றாமல் குளிர் போகும் வரை வைத்தார்கள். அரை மணிக்கு முன் பனடோலும் பிரிட்டோன் என்ற ஒவ்வாமை மருந்தும். ஒன்றும் வரவில்லை.

மறைவான செலவு நேரம்தான். மூன்று மணி நேர வேலை ஐந்து மணி நேரமாகும். தாயோ தகப்பனோ ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். வார்ட்டில் கட்டில் தட்டுப்பாடு என்றால் "கொஞ்சம் கூட்டலாமா" என்ற அவசரம் வரும், அங்கே நாம் மரியாதையாக ஆனால் உறுதியாக நிற்க வேண்டும். இன்னொன்று: பனடோல், பிரிட்டோன் போட்டுவிட்டோம் என்பது அனபிலாக்சிஸுக்குக் காப்பு இல்லை. மூச்சிழுப்பு வந்த பிள்ளைக்கு இந்த வழியை வீட்டார் கேட்டு வாங்கக் கூடாது.

## வழி 2: வேறு கம்பனியின் மருந்து

நரம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின், அதாவது ஐவிஐஜி, எல்லாம் ஒன்றில்லை. ஐஜிஏ அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 25 மைக்ரோகிராமுக்குள் இருக்கும் தயாரிப்புகளும் உண்டு, 200 வரை போகிறவையும் உண்டு. மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் மாறும். சீனி சேர்த்தவை சிறுநீரகத்துக்குச் சுமை. மோல்டோஸ் சேர்த்தவை சில வகைக் குளுக்கோமீற்றர்களை ஏமாற்றிச் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும், அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. புரோலின் சேர்த்தவை, ஹைப்பர்புரோலினீமியா என்ற அபூர்வ நோய் உள்ளவர்களுக்கு ஆகாது.

ஐஜிஏ அறவே இல்லாமல், கடும் எதிர்வினையும் வந்த பிள்ளைக்கு, ஐஜிஏ குறைந்த தயாரிப்பு ஒரு நல்ல வழி. மெதுவாக ஏற்றியும் ஒவ்வொரு மாதமும் தலையிடி விடாதவர்களுக்கும் மாற்றிப் பார்க்கலாம்.

ஆனால் மாற்றம் என்பதே ஒரு ஆபத்து. புதுப் போத்தல் முதல் தடவை போகும்போது முதல் டோஸ் போலவே நடத்த வேண்டும், மெதுவாக, கண்காணிப்போடு. நம்மூரில் எந்தக் கம்பனி வருகிறது என்பதைக் கொள்வனவுதான் தீர்மானிக்கிறது, ஆகவே தேடி எடுத்த தயாரிப்பு அடுத்த மாதமும் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. ஒரு தடவை ஒத்துக்கொண்ட மருந்தைச் சும்மா மாற்றக் கேட்காதீர்கள்.

## வழி 3: வாராவாரம் தோலுக்குக் கீழே

இது புதிய யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். 1952இல் ஒக்டன் புரூட்டன் என்ற டொக்டர் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் என் மகனுக்கு இருக்கும் இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது, மருந்தைத் தோலுக்குக் கீழேதான் கொடுத்தார். நரம்பில் ஏற்றும் தயாரிப்புகள் 1980களில்தான் பரவலாயின.

30 கிலோப் பிள்ளைக்கு மாதம் 15 கிராம் என்றால், வாரம் ஏறத்தாழ 3.75 கிராம். 20 சதவீத மருந்தில் அது 19 மில்லிலீற்றர் மட்டுமே. வயிற்றிலோ தொடையிலோ சின்ன ஊசி ஒன்று அல்லது இரண்டு, சிறு பம்ப், ஒரு மணி நேரம். மருந்து மெல்ல மெல்ல இரத்தத்துக்குள் ஊறுவதால் திடீர் உச்சம் இல்லை. நடுக்கம், தலையிடி வெகுவாகக் குறையும். மாதக் கடைசியில் பிள்ளை சோர்ந்துபோகிறதே, அந்த வாரமும் இல்லாமல் போகும்.

நரம்பில் ஏற்றி அனபிலாக்சிஸ் வந்த சிலர், எதிர் ஐஜிஏ பிறபொருளெதிரி இருந்தும், தோலடி வழியைத் தாங்கியிருக்கிறார்கள். போகப் போக அந்தப் பிறபொருளெதிரியே சிலரில் குறைந்திருக்கிறது. ஆனாலும் மருந்தோடு வரும் தாளில் இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றே எழுதியிருக்கும். அதை மீறுவது நிபுணரின் முடிவு. முதல் பல டோஸ்கள் ஆஸ்பத்திரியில், அட்ரினலின் பக்கத்தில் இருக்கப் போட வேண்டும்.

ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் சிவப்பும் அரிப்பும் முதல் வாரங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். பயப்பட வேண்டாம், பழகப் பழகக் குறையும். உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பம்ப், ஊசி, குழாய் எல்லாம் தொடர்ந்து வேண்டும். வாரம் ஒரு தடவை என்பதை ஒரு வாரம் மறந்தாலும் அளவு சரியத் தொடங்கும்.

அப்புறம் பிரிட்ஜ். சில தயாரிப்புகளின் பெட்டியில் "25 பாகை வரை அறையில் வைக்கலாம்" என்று இருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டில் பகலில் 30, 31 பாகை. அந்த வாக்கியம் நமக்காக எழுதப்படவில்லை. 2 முதல் 8 பாகைக்குள், உறைய விடாமல், கதவுத் தட்டில் இல்லாமல் நடுத் தட்டில் வைக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் போனதை நினைத்துப் பாருங்கள். தோலடி வழிக்குப் போகிற குடும்பம், கரண்ட் போனால் மருந்தை எந்த வீட்டில், எந்தக் கடையில் கொண்டுபோய் வைப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

## வழி 4: நொதி சேர்த்த தோலடி ஏற்றம்

ஹயலுரோனிடேஸ் என்ற நொதியை முதலில் விட்டால், தோலுக்குக் கீழே இடம் தற்காலிகமாக இளகும். அப்புறம் முழு மாத டோஸையும் ஒரே இடத்தில் ஏற்றலாம். ஐரோப்பாவில் 2013இலும் அமெரிக்காவில் 2014இலும் அனுமதி பெற்றது. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போதும். நரம்பு கிடைக்காத, வாராவாரம் குத்தவும் மனமில்லாத வளர்ந்தவர்களுக்கு அருமையான வழி. சிலருக்கு அந்த நொதிக்கு எதிராகவே பிறபொருளெதிரி தோன்றுவது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது, அவை நொதியின் வேலையைத் தடுக்கவில்லை. வெளிநாட்டில் இதைத் தொடங்கிவிட்டுக் கொழும்புக்குத் திரும்பி வருகிற குடும்பங்கள், வருவதற்கு முன்பே இங்குள்ள டொக்டரோடு பேசி மாற்று வழியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| | அதே மருந்து, மெதுவாக | வேறு கம்பனி | வாராந்தத் தோலடி | நொதி சேர்த்த தோலடி |
|---|---|---|---|---|
| எத்தனை தடவை | 3–4 வாரத்துக்கு ஒன்று | 3–4 வாரத்துக்கு ஒன்று | வாரம் ஒன்று | 3–4 வாரத்துக்கு ஒன்று |
| நடுக்கம், தலையிடி | வெகுவாக அடங்கும் | சிலருக்கு அடங்கும் | மிகக் குறைவு | குறைவு |
| அனபிலாக்சிஸ் வந்தவர் | கூடாது | ஐஜிஏ குறைந்தது மட்டும், நிபுணர் முன் | நிபுணர் முன் தொடங்கலாம் | நிபுணர் தீர்மானம் |
| இடத்து வீக்கம் | இல்லை | இல்லை | தொடக்கத்தில் வழமை | இருக்கும், பெரிதாக |
| மறைவான செலவு | ஒரு முழு நாள் | முதல் டோஸின் ஆபத்து திரும்ப | பிரிட்ஜ், உபகரணம், ஒழுங்கு | கிடைக்குமா என்ற கேள்வி |
| யாருக்கு நல்லது | பெரும்பாலோருக்கு | விடாத தலையிடி, ஐஜிஏ பிரச்சினை | நரம்பு கிடைக்காதவர், உச்சம் தாங்காதவர் | வளர்ந்தவர், தூரத்திலிருப்பவர் |

## எந்த வழியிலும் கூடவே வருவது

ஏற்றியது ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மா. அவர்களுடைய பிறபொருளெதிரிகள் எல்லாம் இப்போது நம் பிள்ளையின் இரத்தத்தில். ஒரு தடவை வேறு காரணத்துக்காக இரத்தம் கொடுத்தபோது மகனுக்கு ஹெபடைட்டிஸ் பி கோர் பிறபொருளெதிரி (ஈரலைத் தாக்கும் வைரஸுக்கு எதிரானது) "உண்டு" என்று வந்தது. அன்று நான் அழுத அழுகை. பிறகு டொக்டர் உட்கார வைத்து விளக்கினார்: அது இரவல். வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. பிறபொருளெதிரியைத் தேடுகிற எந்தப் பரிசோதனைக்கும் முன், இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறோம் என்று ஆய்வுகூடத்துக்குச் சொல்லுங்கள். கிருமி இருக்கிறதா என்று அறியப் பிசிஆர் போன்ற நேரடிப் பரிசோதனையைக் கேளுங்கள். சின்னம்மை, கூவைக்கட்டு போன்ற உயிருள்ள தடுப்பூசிகளும் அப்படித்தான், இரவல் பிறபொருளெதிரி அவற்றை முடக்கிவிடும். நம் பிள்ளைகளில் சிலருக்கு அவை ஆபத்தும் கூட. கிராமத்துக் கிளினிக்கில் போட வரச் சொன்னால் முதலில் உங்கள் நிபுணரிடம் கேளுங்கள்.

## நாங்கள் எடுத்த முடிவு

மகன் முதல் வழியிலேயே இருக்கிறான். ஆஸ்பத்திரி பஸ்ஸில் இருபது நிமிடம், அவனுக்கு நரம்பு நன்றாகக் கிடைக்கிறது, வாராவாரம் குத்த அவனுக்கு விருப்பமில்லை. காரணம் தெரிந்த பிறகு மாற்ற ஒரு தேவையும் இருக்கவில்லை.

அந்தப் பெண்பிள்ளைக்கு ஐஜிஏ அறவே இல்லை என்று உறுதியானது. அவளுக்கு ஐஜிஏ குறைந்த தயாரிப்பை நிபுணர் தேடி எடுத்து, வார்ட்டில் படுக்க வைத்து, மிக மெதுவாகத் தொடங்கினார். இரண்டு மாதம் கழித்துத் தோலடி வழிக்கு மாற்றினார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தானே வயிற்றில் ஊசி வைத்துக்கொண்டு பாடம் படிக்கிறாள், தாய் பக்கத்தில் இருக்கிறார். அவர்கள் வீட்டுப் பிரிட்ஜில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. கீழ்வீட்டு மாமியிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, அவரிடம் முதலே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் திகதி, எடை, மருந்தின் பெயர், எத்தனை சதவீதம், தொகுதி இலக்கம், தொடங்கிய வேகம், கூட்டிய வேகம், முந்திய மூன்று நாளில் சளியோ காய்ச்சலோ, ஏற்றிய மூன்று நாளில் தலையிடியோ, ஏற்றும் முன் எடுத்த ஐஜிஜி அளவு. கிளினிக் புத்தகத்தில் இவ்வளவும் எழுத டொக்டருக்கு நேரம் இருக்காது. போன மாதம் மறுபடி 50 மில்லிலீற்றர் போத்தல்கள் வந்தன. கொப்பியைத் திறந்து "மிஸ், இது 10 சதவீதம், 15இல் தொடங்குவோமா?" என்றேன். அவர் லேபலைப் பார்த்துவிட்டுப் பம்பில் 15 என்று அழுத்தினார்.